எக்ஸ்ரே இல்லை, மெதுவடை

அன்புள்ள ஐயா,
பூமியின் உட்பகுதியை நில அதிர்வு அலைகளால் படமெடுப்பதை சி.டி. ஸ்கேனோடு ஒப்பிட்டிருந்தீர்கள். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். எக்ஸ்ரே நேராகப் போகும், சரி. நீண்ட அலைகள் தடையைச் சுற்றி வளைந்துவிடுமே, விளிம்பு விளைவு? அப்புறம் அந்தப் படங்களை எப்படி நம்புவது?
ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாட்டிக்கொண்டேன். ஸ்கேன் உவமை கைக்கு வாகாக இருந்தது, எழுதிவிட்டேன்.

மேலோட்டுக்கும் கருவத்துக்கும் நடுவே இருக்கும் பாறைக் கவசத்தின் அடியில், நிலநடுக்கத்திலிருந்து முதலில் வந்து சேரும் முதன்மை அலையின் வேகம் வினாடிக்கு சுமார் 13.7 கி.மீ.; அலைவு நேரம் 20 வினாடி என்றால் அலைநீளம் 270 கி.மீ.யைத் தாண்டிவிடும். தேடுவதோ ஹவாய் போன்ற தீவுகளுக்கு அடியிலிருந்து எழும் சூடான பாறைத் தூண், அதன் பருமனே சில நூறு கி.மீ. இருந்தால் அதிகம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். சூடான பாறையில் அலை மெதுவாகப் போகும், அந்தத் தாமதத்தை அளந்துதான் படமே வரைகிறோம். ஆனால் தூணின் இரு பக்கமும் வளைந்து வந்த அலை பின்னால் கூடி, தாமதத்தால் அலைமுகத்தில் விழுந்த பள்ளத்தை மெல்ல நிரப்பிவிடுகிறது. காயம் ஆறுவது மாதிரி. ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளி இருக்கும் கருவிக்குத் தாமதம் முழுதாக வந்து சேராது.

2000-ல் டாலன், ஹங், நோலெட் என்ற நில அதிர்வு ஆய்வாளர்கள் மூவரும் இதைக் கணக்கில் சேர்த்தபோது வேடிக்கையான ஒன்று வெளிவந்தது: அலையின் பயண நேரம் எந்தப் பாறையைப் பொறுத்தது என்று வரைந்தால் வாழைப்பழம் போல வளைந்த ஒரு உருவம், அதைக் குறுக்கே வெட்டினால் நடுவில் ஓட்டை. அவர்கள் டோனட் என்றார்கள், நமக்கு மெதுவடை. அதாவது பாடநூலில் கதிர் என்று கோடு போடுகிறோமே, சரியாக அந்தக் கோட்டில் இருக்கும் பாறையைப் பற்றி அந்த நேரம் எதுவுமே சொல்வதில்லை!

ஆகவே என் பதில்: பெரிய உருவங்களை நம்பலாம். மெல்லிய ஒன்று 'இல்லை' என்று படம் காட்டினால் நம்பாதீர்கள். 2015-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், வந்து சேரும் நேரத்தை மட்டும் பார்க்காமல் முழு அலைவடிவத்தையும் கணினியில் பொருத்திப் பார்த்தபோது தூண்கள் தெரிந்தன, எதிர்பார்த்ததைவிட ரொம்பவே பருமனாக.

வகுப்பில் சொல்ல இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. பூமியின் கருவம் அலைகளைத் திருப்பிவிடுவதால் ஒரு நிழல் பகுதி உண்டாகிறது. அங்கேயும் மெலிதாக அலைகள் பதிவானபோது, கருவத்தின் விளிம்பில் வளைந்து வந்தவை என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். 1936-ல் டென்மார்க்கின் நில அதிர்வு ஆய்வாளர் இங்கெ லேமன் (Inge Lehmann) அதை ஏற்கவில்லை. உள்ளே இன்னொரு கருவம் இருக்கிறது, அதில் பட்டுத் திரும்பியவை அவை என்றார்.