வயரிங் வாத்தியார் பதில்கள்

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது வீடு முழுக்க ஸ்மார்ட் பல்புகளை மாட்டிவிட்டுப் போனான். நள்ளிரவில் கரண்ட் போய்த் திரும்பினால், அணைத்து வைத்த பல்புகள் எல்லாம் தாமாகவே எரிகின்றன. மாமியார் விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். பரிகாரம் உண்டா?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: உண்டு அம்மா, விபூதிச் செலவில்லாமல். சுவர் சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்கிறது. பல்பை அணைத்து வைத்திருப்பது அதன் வயிற்றில் இருக்கும் சில்லு. கரண்ட் போய் வந்ததும் அது, யாரோ இப்போதுதான் சுவிட்சைப் போட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு எரிகிறது. செயலியில் ஒவ்வொரு பல்பின் அமைப்புக்குள்ளும் போய், மின்சாரம் திரும்பும்போது பழைய நிலையிலேயே இருக்கும்படி மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத பல்பு என்றால் வாசலுக்கு மாற்றிவிடுங்கள். அங்கே எரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

என் வீட்டில் கதை தலைகீழ். நாற்பது வருடப் பழக்கத்தில் என் மனைவி படுக்கப் போகும்முன் சுவர் சுவிட்சைத் தட்டி அணைத்துவிடுவாள். பிறகு நான் எத்தனை முறை குரல் கொடுத்தாலும், பல்பு பதில் சொல்லவில்லை என்று, குரல் கேட்டு வேலை செய்யும் ஸ்பீக்கர் புலம்பும். கடைசியில் சாதாரண பல்புகளையே திரும்ப மாட்டிவிட்டு, சுவிட்சின் பின்னால் பெட்டிக்குள் வைக்கும் சிறிய ஸ்மார்ட் கருவியை வாங்கினேன். இப்போது அவள் கையால் போடுகிறாள், நான் வாயால் போடுகிறேன். பெரும்பாலும் இதற்கு நியூட்ரல் வயர், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி, பெட்டிக்குள் வேண்டும். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் அது இருக்கும். வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள பழைய பெட்டியில் இல்லாமலும் போகலாம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்.

மாமியாருக்கு நீங்கள் செய்ய வேண்டியது வேறு. என் அம்மாவின் கட்டிலுக்கும் குளியலறைக்கும் இடையே பதினோரு அடி. அசைவு கண்டால் எரியும் சிறிய விளக்கைக் கட்டில் சட்டத்துக்கு அடியில், தரையைப் பார்த்தபடி ஒட்டினேன். புரண்டு படுத்தால் எரியாது. பாதம் தரையைத் தொட்டதும் எரியும். இணையம் கிடையாது, செயலி கிடையாது. எங்கள் வீட்டிலேயே அதிக மூளை உள்ள சாதனம் அதுதான் என்பேன்.

கேள்வி: காலை ஐந்து மணிக்கு வெந்நீர் தயாராக இருக்க, கீசருக்கு 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் போடலாமா?
– ஓர் ஓட்டுநர், ஓசூர்

பதில்: வேண்டாம். 2000 வாட் கீசர் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். கணக்குக்குச் சரிதானே என்று நானும் 10 ஆம்பியர் பிளக்கைத்தான் போட்டேன். மூன்றாம் வாரம் குளியலறை வாசலில் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. கழற்றிப் பார்த்தால் பின் துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம். ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தியவனுக்கு இது தேவையா என்று நீங்கள் கேட்கலாம், வீட்டில் கேட்டுவிட்டார்கள். 16 ஆம்பியர் பிளக்கே வாங்குங்கள். 15 லிட்டர் தொட்டி சூடாகக் கால் மணி நேரம் போதும். 4.40க்குப் போட்டு ஐந்துக்கு அணையும்படி வையுங்கள்.

கேள்வி: ஸ்மார்ட் பல்பால் கரண்ட் பில் குறையுமா?
– குடும்பத் தலைவி, நாமக்கல்

பதில்: அணைந்திருக்கும்போதும் உத்தரவுக்காகக் காத்திருக்கும் பல்பு அது, அரை வாட் அளவுக்குத் தின்னும். இருபது பல்பு என்றால் மாதம் 7 யூனிட். பில் குறைய, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. மோட்டார் உள்ள மின்விசிறி வாங்குங்கள். பழைய விசிறி 75 வாட், இது 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் ஒரு விசிறிக்கே 40 யூனிட் மிச்சம்.

கேள்வி: பேத்தியின் பேச்சுப் போட்டிக்குச் செயற்கை நுண்ணறிவிடம் உரை எழுதி வாங்கலாமா?
– தாத்தா, விருதுநகர்

பதில்: தண்ணீர்ச் சிக்கனம் பற்றி ஒரு குறள் கேட்டேன். எண், பொருள் எல்லாவற்றோடும் தந்தது. சீர்களை எண்ணினேன், ஒன்பது! வள்ளுவருக்கு ஏழு போதுமே. புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் அந்த எண்ணில் வேறு குறள். தவறு என்றேன். பணிவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு போலியைத் தந்தது. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொல்வதில்லை ஐயா அது, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கோத்துக்கொண்டே போகிறது. ஆனால் இதே பேர்வழிதான், எனக்குப் புரியாத ஆங்கிலக் கையேட்டை ஒரே நிமிடத்தில் நல்ல தமிழில் விளக்கியது. பேத்தி முதலில் தானே எழுதட்டும். எதிரணி என்ன கேட்கும் என்று அதனிடம் கேட்டுத் தயாராகட்டும். குறளை மட்டும் அலமாரியிலிருந்து எடுங்கள்.

கேள்வி: தோட்டத்து மோட்டாருக்கு சிம் போட்ட ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறேன். போன் செய்தால் ஓடுகிறது. கிணறு வற்றினாலோ மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை (பேஸ்) போனாலோ தானே நின்று எனக்குச் சொல்கிறது. நகரத்து நண்பர் இதெல்லாம் ஸ்மார்ட் சாதனத்தில் சேராது என்கிறார்.
– விவசாயி, கோபிசெட்டிபாளையம்

பதில்: நண்பரை ஒரு வாரம் தோட்டத்தில் தங்க வையுங்கள். இரவு ஒரு மணிக்கு மும்முனை மின்சாரம் வரும்போது எழுப்பி, கையில் டார்ச்சைக் கொடுத்து, வரப்பு வழியாக நடந்துபோய் மோட்டாரைப் போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.