முயலுக்கு மொட்டை அம்பு, மீனுக்கு முள் அம்பு: ஏன்?

சிறு வேட்டைக்கும் மீனுக்கும் வீட்டில் செய்யும் அம்பு முனை ஏன் வேறுபடுகிறது, சிங்கப்பூரில் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முயல், பறவைக்கு மொட்டை முனைதான். தண்டின் நுனியையே குமிழ்போல் தடிமனாக விட்டுச் செதுக்குவார்கள். அடியின் அதிர்ச்சியே போதும். குறி தப்பினாலும் மரத்தில் ஏறிச் சிக்காது.

மீன் வழுக்கிவிடும், அதனால் பின்னோக்கிய முள் வேண்டும். மூங்கில் நுனியை நான்காகப் பிளந்து, நடுவே ஆப்பு வைத்து விரித்துக் கட்டுவதும் உண்டு. குறி வைப்பதுதான் கஷ்டம். வாளித் தண்ணீரில் ஐம்பது காசைப் போட்டுப் பாருங்கள், மேலே எழும்பி வந்ததுபோல் இருக்கும். நேர் மேலிருந்து பார்த்தாலே ஆழம் முக்கால் பங்குதான் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவு. ஆகவே, தெரியும் இடத்துக்குக் கீழே குறி வைக்க வேண்டும்.

இங்கே அனுமதியின்றி வனவிலங்கைக் கொல்வது குற்றம், நீர்த்தேக்கங்களில் மீன்பிடிக்கவும் குறித்த இடங்கள் மட்டுமே. செய்து பழகுங்கள், காட்டுக்கோழி, உடும்பு பக்கம் மட்டும் தயவுசெய்து திருப்பாதீர்கள்.