லெஸ்ஸா ஃபியூவரா, எல்டரா ஓல்டரா: எங்க ஊர்ல நான் சொல்லித் தர்ற விதம்

மக எஸ்பிஎம் (மலேசியாவுல அஞ்சாம் படிவம் முடிக்கறப்ப எழுதற அரசாங்கப் பரீட்சை) எடுக்கப் போறா, லெஸ் - ஃபியூவர், ஃபார்தர் - ஃபர்தர், எல்டர் - ஓல்டர் இதுலயே முழிக்கிறா, எப்படி புரிய வைக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க. நான் சிலாங்கூர்ல இருக்கிற பத்தாங் பெர்ஜுந்தைல (பெஸ்தாரி ஜெயான்னு பேர மாத்தியாச்சு, எங்க வாய்ல இன்னும் பழசுதான் வருது) சாயங்காலத்துல பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கறேன்.

எண்ண முடிஞ்சா ஃபியூவர், முடியாட்டி லெஸ்ஸுன்னு புக்குல போட்டிருப்பான், அது முக்கால்வாசிதான் சரி. எஸ்டேட்டுல செம்பனைக் குலைய வெட்டி ரோட்டோரம் வரிசையா வச்சிருப்பாங்க, காம்புல வெட்டினவரோட நம்பர் எழுதியிருக்கும், மண்டோர் (வேலைய மேற்பார்வ பாக்கறவரு) வந்து ஒண்ணொண்ணா எண்ணிக் குறிச்சுக்குவாரு. இந்த மாசம் குலை கம்மின்னா அது ஃபியூவர் பன்ச்சஸ். அதே குலை லோரி ஏறி மில்லுக்குப் போயிட்டா அங்க யாரு எண்ணப் போறா, மொத்தமா எத்தன டன்னுன்னு நிறுத்துப் பாக்கறதோட சரி, அதனால லெஸ் தென் டென் டன்ஸ். டன்னையும் எண்ணலாமே சார்னு ஒரு பையன் கண்டிப்பா கேப்பான். எண்ணலாம்தான், ஆனா மனசுல நிக்கிறது தனித்தனி பத்து இல்ல, ஒரே எடை. காசு, தூரம், நேரத்துக்கும் இதே கதைதான், லெஸ் தென் ஃபிஃப்டி ரிங்கிட்னுதான் சொல்லணும். பெரிய சட்டம் மாதிரி பேசுறாங்களே, 1770ல ராபர்ட் பேக்கர்னு ஒருத்தர் ஃபியூவர்தான் எனக்கு நல்லாருக்குன்னு எழுதினதுலேருந்து வளந்தது இது, அதுக்கு முன்னாடி பல நூறு வருசமா வெள்ளக்காரங்களே ரெண்டுக்கும் லெஸ் போட்டவங்க. 2008ல பிரிட்டன்ல டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் கவுண்டர் போர்டுல டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ் தப்புன்னு சண்ட கிளம்பி, அப் டு டென் ஐட்டம்ஸ்னு மாத்தி ரெண்டு பேர்கிட்டயும் தப்பிச்சுக்கிட்டாங்க. பரீட்சையில ஆனா மக ஃபியூவர்னே எழுதட்டும், வம்பு வேணாம்.

ஃபார்தர் ரோட்டு தூரத்துக்கு மட்டும். ரவாங்க விட கோலாலம்பூர் ஃபார்தர், அங்க ஃபர்தர்னாலும் தப்பில்ல, ஆனா மேற்படிப்புக்கு ஃபர்தர் ஸ்டடீஸ் மட்டும்தான். சந்தேகம் வந்தா ஃபர்தர் போட்டுட்டுப் போயிடலாம்.

எல்டர் அண்ணன் அக்கா உறவுக்கு, மை எல்டர் பிரதர், அதுக்குப் பின்னாடி தென் வராது. வயச ஒப்பிட்டா ஓல்டர் தென் மீ. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீன்லேருந்து அப்படியே வந்த பார்ட்டிங்க, அவங்களுக்கும் தென் ஆகாது, சீனியர் டு மீ.

நீங்க கேக்கல, இருந்தாலும் எங்க பக்கம் மார்க் அதிகமா போறது மோர் பெட்டர்லதான். மலாய்ல லெபே பாயெக்னு (லெபேன்னா அதிகம், பாயெக்னா நல்லது) பேசிப் பேசி லெபேக்கு மோர போட்டுடறாங்க, பெட்டருக்குள்ளயே அது இருக்குன்னு தோணறதில்ல. ரொம்ப நல்லாருக்குன்னு அழுத்திச் சொல்ல ஆசைன்னா மச் பெட்டர், ஃபார் பெட்டர் ரெண்டும் இருக்கு, அதுல ஒண்ண எடுத்துக்கச் சொல்லுங்க.