பீர் வேண்டாம், டீ அனுப்புங்கள்: இந்த மாதக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, ஊர் விட்டு ஊர் பொருள் மாற்றிக்கொள்வது பற்றி. மலையில் இருப்பவர்களுக்குக் கடை குறைவு, நேரம் நிறைய, செல்போன் எல்லார் கையிலும் இருக்கிறது, அதனால் இருக்கலாம். வழக்கம்போல் கடிதங்களை வெட்டியிருக்கிறேன்.

சின்ன ஆலைகள் காய்ச்சுகிற கிராஃப்ட் பீர் மேல் எனக்குப் பைத்தியம். இங்கே கடையில் கிடைப்பது ஐந்தாறு ரகம், அதிலும் பாதி ஸ்ட்ராங். ஆன்லைனில் பழக்கமான புனே நண்பர் ஒருவர், "நீ அங்கிருந்து நாலு அனுப்பு, நான் இங்கிருந்து நாலு அனுப்புகிறேன்" என்கிறார். வெளிநாட்டில் இப்படித்தான் மாற்றிக்கொள்கிறார்களாம். ரகமே இல்லாத ஊரில் இருந்துகொண்டு எப்படித் தொடங்குவது? (கோத்தகிரி)

தொடங்காதீர்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறை மதுக்கடைக்காரர் அரசாங்கம் ஒன்றுதான். வெளிமாநிலச் சரக்கை அனுமதி இல்லாமல் உள்ளே கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், அந்தச் சட்டம் 1937-லிருந்து இருக்கிறது. கூரியர்காரர்களும் மதுவை எடுக்க மாட்டார்கள். "தேன்" என்று எழுதி அனுப்பிவிடலாம் என்று ஒரு யோசனை உங்களுக்கு வந்திருக்கும், அது வேண்டாம். பாட்டில் வழியில் உடைந்தால் நஷ்ட ஈடு கேட்டு எந்த முகத்தோடு போவீர்கள்?

வெளிநாட்டுக் கதையும் நீங்கள் நினைப்பது போல இல்லை. அமெரிக்காவிலேயே அரசுத் தபாலில் பீர் அனுப்ப முடியாது, பெரிய தனியார் நிறுவனங்களும் லைசென்ஸ் உள்ளவர்களிடம் மட்டும்தான் வாங்குகின்றன. அதையும் மீறிச் செய்கிறவர்கள் செய்கிறார்கள், அது அவர்கள் பாடு. ஆனால் அவர்கள் நடுவில் சில நல்ல பழக்கங்கள் இருக்கின்றன. அதைக் கீழே டீ கேட்டிருக்கும் குன்னூர்க்காரருக்குச் சொல்லியிருக்கிறேன், நீங்களும் படியுங்கள்.

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். பீர் கிடைக்கவில்லை என்று புலம்புகிற இந்த மலையில்தான் வெள்ளைக்காரன் காலத்தில் பீர் காய்ச்சினார்கள். 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்பவர் தென்னிந்தியாவின் ஐந்து ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் புரூவரீஸ் என்று ஆரம்பித்தபோது அதில் நம் பக்கத்து ஆலைகளும் இருந்தன. அப்புறம் எல்லாம் கீழே இறங்கிப் போய்விட்டது.

ஆசை அடங்கவில்லை என்றால் பெங்களூர் போய்க் குடித்துவிட்டு வாருங்கள். வழியில் பந்திப்பூர் காட்டுச் சாலை ராத்திரி 9-லிருந்து காலை 6 வரை மூடியிருக்கும், அதைக் கணக்குப் பண்ணிக் கிளம்புங்கள். பாட்டிலாக வாங்கினால் தேதியைப் பாருங்கள். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற பூ) வாசனைக்காகவே குடிக்கிற ஐ.பி.ஏ. மாதிரி ரகங்கள் சில மாதத்திலேயே மங்கிப்போகும், வெயில் பட்ட இடத்தில் இருந்தால் இன்னும் சீக்கிரம். நான் ஒரு முறை பெங்களூர் கடையில் கண்ணாடி ஷோகேஸில், ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்த பச்சை பாட்டிலை அழகுக்கு மயங்கி வாங்கினேன். நண்பர் வீட்டில் திறந்தால் பொசுங்கின ரப்பர் நாற்றம். ஹாப்ஸ் மேல் வெளிச்சம் பட்டால் அப்படித்தான் ஆகும், பச்சைக் கண்ணாடியும் வெள்ளைக் கண்ணாடியும் அதைத் தடுக்காது, பழுப்பு ஓரளவு தடுக்கும், கேன் முழுசாகத் தடுக்கும். நானூறு ரூபாயை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டுக் கற்றுக்கொண்ட பாடம் இது.

வீட்டிலேயே பீர் காய்ச்சும் கிட் ஆன்லைனில் வருகிறது. வாங்கலாமா? (கேத்தி)

வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சினால் அதுவும் குற்றம்தான்.

காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று சொன்னார்களே, கடையில் தர மறுக்கிறார்கள். ஸ்டிக்கர் இல்லையாம். என் பையன் அதை உரித்து நோட்டில் ஒட்டிக்கொண்டான். நான் எங்கே புகார் செய்வது? (ஊட்டி)

பையனிடம். இந்தத் திட்டம் 2022-ல் நம் மாவட்டத்தில்தான் முதலில் வந்தது, காட்டுக்குள் யானை காலில் பாட்டில் குத்தக் கூடாது என்பதற்காக. ஸ்டிக்கர்தான் அதற்கு ரசீது. ரசீதைக் கிழித்துவிட்டுக் காசு கேட்டால் யார் கொடுப்பார்கள்?

எனக்கு நல்ல டீயும் காபியும் குடித்துப் பார்க்க ஆசை. டார்ஜிலிங், அஸ்ஸாம் டீ, சிக்மகளூர் காபிக்கொட்டை என்று. இங்கே கடையில் கேட்டால் டஸ்ட் டீயும் சிக்கரி கலந்த தூளும்தான். வாட்ஸ்அப்பில் மாற்றிக்கொள்கிற குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். ஆனால் பதிலுக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? (குன்னூர்)

குன்னூரில் உட்கார்ந்துகொண்டு டீக்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். கொல்லையில் கறிவேப்பிலை மரம் இருப்பவர் கடையில் கறிவேப்பிலை வாங்குகிற கதை.

நம் டீயில் பெரும்பகுதி சி.டி.சி. (மெஷினில் நசுக்கிக் குருணையாக்கின தூள்) ஆகித்தான் போகிறது, பல கம்பெனிகளின் கலவைக்குள் பெயர் தெரியாமல் மறைகிறது. அதனால் புனேக்காரருக்கோ கொல்கத்தாக்காரருக்கோ ஒரே தோட்டத்து நீலகிரி ஆர்த்தடாக்ஸ் டீ (இலையைச் சுருட்டிச் செய்வது) கையில் கிடைப்பது அபூர்வம். அதிலும் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, ராத்திரிக் குளிரில் கொழுந்து மெதுவாக வளரும் சமயத்தில் கிள்ளின டீ இருக்கிறதே, ஃப்ராஸ்ட் டீ என்பார்கள், வாசனை தூக்கலாக இருக்கும். உங்களுக்கு அது பஸ்ஸில் அரை மணி நேரம், அவர்களுக்கு அது கனவு. ரகம் குறைந்த ஊரில் இருப்பவர் அலமாரியைப் பார்த்து ஏங்கக் கூடாது, வேறெங்கும் இல்லாத எது இங்கே சும்மா கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஃபேக்டரி வாசலிலேயே விற்கிற இடங்களில் கேளுங்கள். டூரிஸ்ட் கடையில் ஜிகினா டப்பாவில் வருகிற சாக்லேட் டீ, மசாலா டீயை மட்டும் அனுப்பாதீர்கள், மானம் போகும்.

பீர்க்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் என்றேனே, அது இதுதான். "எனக்கு இது வேண்டும், என்னிடம் இது இருக்கிறது" என்று முதலிலேயே இரண்டு பக்கத்தையும் எழுதிவிடுவார்கள், வழவழா கொழகொழா கிடையாது. அளவுக்கு அளவு மாற்ற மாட்டார்கள், விலைக்கு விலை மாற்றுவார்கள். நூறு கிராம் ஃப்ராஸ்ட் டீயும் நூறு கிராம் சாதாரணத் தூளும் ஒன்றில்லை. புதிதாக வந்தவர்தான் முதலில் அனுப்புவார், ஏனென்றால் அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. அதனால் உங்கள் முதல் பொட்டலம் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. தொலைந்தால் ஒரு வேளை ஹோட்டல் சாப்பாடு போச்சு என்று விட்டுவிடலாம். அப்புறம் கொசுறு. சொன்னதற்கு மேல் சின்னதாக ஏதாவது வைப்பார்கள், சொல்லாமல் வைப்பார்கள். நீங்கள் நாலு ஊட்டி வர்க்கி பிஸ்கட் வைக்கலாம், தூளாகிப் போனாலும் டீயில் போட்டுச் சாப்பிடத் தெரிந்தவர் சாப்பிடுவார்.

இப்போது என் தீராத குறைக்கு வருகிறேன், தேதி. பாக்கெட்டின் மேல் பேக் செய்த மாதம், வருஷம் இருக்கும். ஆனால் அது பாக்கெட்டில் போட்ட தேதி. கொழுந்து எப்போது கிள்ளினது, கொட்டை எப்போது வறுத்தது என்பது வேறு. ஒன்றரை வருஷம் சாக்கில் கிடந்த டீயைப் போன வாரம் பேக் செய்துவிட்டுப் போன வாரத் தேதி போடலாம். இதில் எத்தனை தடவை ஏமாந்தேன் என்று கணக்கில்லை. "புது டீ சார்" என்று ஒரு கடைக்காரர் தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் பண்ணிக் கொடுத்ததை வீட்டில் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் வைக்கோல் போர் வாசனை. சாயம் இறங்கியது, டீ இறங்கவில்லை. காபி இன்னும் மோசம், வறுத்த தேதியைக் கேட்டால் நம்மை ஏதோ வரி ஆபீஸர் மாதிரிப் பார்க்கிறார்கள். ரொட்டிக்குத் தேதி பார்க்கிறோம், பாலுக்குப் பார்க்கிறோம், கிலோ மூவாயிரம் கொடுத்து வாங்குகிற டீக்குக் கேட்டால் மட்டும் கேட்பவன் கிறுக்கன்! அதனால் நீங்கள் மாற்றிக்கொள்ளும்போது கிள்ளின மாதத்தை எழுதுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள், எதிராளியிடமும் வறுத்த தேதியைக் கேளுங்கள். சொல்ல மறுப்பவரோடு மாற்றிக்கொள்ளாதீர்கள்.

பேக்கிங்: உள்ளே ஃபாயில் ஒட்டின ஜிப் கவர், காற்றை அமுக்கி எடுத்துவிட்டு மூடுங்கள், வெளியே அட்டைப்பெட்டி. டீ பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் குடித்துவிடும். நான் முதல் தடவை சென்னை நண்பருக்கு அனுப்பியபோது கொசுறாக ஒரு சின்ன பாட்டில் நீலகிரித் தைலத்தையும் அதே பெட்டியில் வைத்தேன். மூடி லேசாகக் கசிந்திருக்கிறது. "ஜலதோஷத்துக்கு நல்லா கேட்குது, வேற என்ன மருந்து வச்சிருக்கீங்க?" என்று பதில் வந்தது.

டூர் வந்தபோது கிலோ 300-க்கு ஹோம்மேட் சாக்லேட் வாங்கினேன். ஊர் போனதும் வெள்ளையாகப் பூத்துவிட்டது. பூஞ்சணமா? (திருப்பூர்)

இல்லை, கொழுப்பு மேலே வந்து படிந்தது, வெயில் பட்டால் அப்படி ஆகும், சாப்பிடலாம். அந்த விலைக்கு வருவது காம்பவுண்ட், கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு. ஹோம்மேட் என்றால் வீட்டில் உருக்கி அச்சில் ஊற்றினது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு மிளகு மூன்று கிலோ காயவைத்து, பொறுக்கி, ஒருவருக்கு அனுப்பினேன். பதிலுக்குக் காபிக்கொட்டையும் கை கிரைண்டரும் தருவதாகச் சொன்னார். ஸ்பீட் போஸ்டில் டெலிவரி ஆனதாகக் காட்டுகிறது, பொட்டலம் வரவில்லை என்று அவர் சொன்னார், இப்போது பிளாக் செய்துவிட்டார். "முன்பின் தெரியாதவனை நம்பினது உன் தப்பு" என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். (கூடலூர்)

அம்மா, உங்கள் தப்பு இல்லை. நம்பி அனுப்பினவர் குற்றவாளி ஆக முடியாது, வாங்கி வைத்துக்கொண்டு பிளாக் செய்தவன்தான் திருடன். வீட்டில் இருப்பவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

நுகர்வோர் ஆணையம் இதற்குச் சரிப்பட்டு வராது, இது இரண்டு தனி ஆட்களுக்கு நடுவே நடந்த பண்டமாற்று, அவர் வியாபாரி இல்லை. ஆனால் ஏமாற்றுவது பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவில் வருகிறது. அவர் சொன்ன வாக்குறுதி இருக்கும் மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பிரிண்ட் போடுங்கள். போஸ்ட் ஆபீஸ் ரசீது, டெலிவரி விவரம் எல்லாவற்றையும் சேர்த்து உங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, மனு ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். சைபர் கிரைம் இணையதளத்திலும் பதியுங்கள். மிளகு திரும்பி வரும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அந்தக் குழுவில் அவர் பெயரையும் நடந்ததையும், திட்டாமல், தேதி வாரியாக எழுதிப் போடுங்கள். மாற்றிக்கொள்கிற உலகத்தில் பெயர்தான் முதல், அது போய்விட்டால் அடுத்த மூன்று கிலோ அவருக்கு யாரும் அனுப்ப மாட்டார்கள்.

இன்ஸ்டாகிராமில் எண்பது சதவீதத் தள்ளுபடியில் காபி மெஷின் பார்த்தேன். 18,000 ரூபாய் முழுசாக அனுப்பிவிட்டேன். பத்து நாள் ஆச்சு. பில் இல்லை, முகவரி இல்லை, போன் எடுப்பதில்லை. வருமா? (அரவங்காடு)

வராது. சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே போன் பண்ணுங்கள். பத்து நாள் காத்திருந்ததற்குப் பதில் பத்து நிமிஷத்தில் பண்ணியிருந்தால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்த வாய்ப்பு இருந்தது. முகவரி இல்லாத கடைக்குப் பதினெட்டாயிரம் அனுப்ப எப்படி மனசு வந்தது? தெருவில் வெங்காயம் வாங்கும்போது கிலோவுக்கு இரண்டு ரூபாய் பேரம் பேசுகிறோம். கோபப்படாதீர்கள், மூன்று மாதமாக இதே கடிதம் வேறு வேறு ஊரிலிருந்து வருகிறது, எனக்கும் அலுத்துவிட்டது.

புது கீசர் இரண்டு முறை ரிப்பேர். கடை கம்பெனியைக் கேள் என்கிறது, கம்பெனி கடையைக் கேள் என்கிறது. பில், வாரண்டி எல்லாம் இருக்கிறது. இந்தக் குளிரில் அடுப்பில் வெந்நீர் வைக்கிறோம். (கொடைக்கானல்)

பில்லைப் பத்திரமாக வைத்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கண்ணீரே வருகிறது. முதலில் 1915-க்குப் பேசுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். (ஆமாம், மேலே சொன்ன பீர் கம்பெனி தொடங்கின வருஷமும் அதுதான், மறக்காது.) அதில் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கின மதிப்பு ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை தொடங்கினதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். கடை, கம்பெனி இரண்டையும் எதிர்த்தரப்பாகப் போடுங்கள், யார் யாரைக் கேட்பது என்பதை அவர்கள் அங்கே பேசிக்கொள்ளட்டும்.

நானும் டீ சேகரிக்கிறேன். உங்களோடு மாற்றிக்கொள்ளலாமா? எந்தக் கூரியர் நல்லது? (ஊட்டி)

நீங்கள் ஊட்டி, நான் குன்னூர். கூரியர் எதற்கு, பஸ் ஏறி வாங்க. தைலம் மட்டும் கொண்டுவராதீங்க.