டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனை வெயிலில் மட்டும் மின்னோட்டம் தருவது ஏன்?

களியக்காவிளையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய, மின்சாரம் கடத்தும் கண்ணாடி (நீரில் வைத்த மின்முனை) மொட்டைமாடி வெயிலில் மின்னோட்டம் தருகிறது, எல்இடி விளக்கடியில் மீட்டர் அசைவதே இல்லை. பூச்சில் குறையில்லை, ஒளிதான் போதவில்லை.

டைட்டானியம் டை ஆக்சைடின் படிக வடிவங்களில் ஒன்றான அனடேஸின் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான் மேலே தாவத் தேவையான ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதைத் தாண்ட சுமார் 388 நானோமீட்டருக்குக் குறைந்த புற ஊதா ஒளி வேண்டும். வீட்டு எல்இடியில் அது கிட்டத்தட்ட கிடையாது. வெயிலிலேயே 5 சதவீதம் அளவுதான்.

சரி, ஒளி விழுந்தால்? எலக்ட்ரான் மேலே தாவுகிறது, விட்ட இடத்தில் ஒரு துளை. பரப்பை ஒட்டிய மின்புலம் துளையை நீர்ப்பக்கம் தள்ளுகிறது. அங்கே நீர் ஆக்சிஜனாகிறது. எலக்ட்ரான் கம்பி வழியே எதிர்முனையான பிளாட்டினத்துக்குப் போய் ஹைட்ரஜனை உண்டாக்குகிறது. 1972-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் புஜிஷிமாவும் ஹோண்டாவும் இன்னொரு படிக வடிவமான ரூட்டைலில் காட்டியது இதைத்தான்.

வெயிலைக் கையால் மறைத்து, சட்டென்று எடுத்துப் பாருங்கள். மின்னோட்டம் எகிறி, அப்புறம் சரிந்து நிலைக்கும். நீரைச் சேருமுன்பே சில துளைகள் எலக்ட்ரானோடு சேர்ந்து அழிவதால் வரும் சரிவு அது. கொஞ்சம் மெத்தனால் விட்டால் துளைகளை அது விரைவாக வாங்கிக்கொள்ளும். சரிவு குறைந்து மின்னோட்டம் கூடும்.