மென்பொருள் செய்பவர்கள் பயனரை எப்படிக் கணிக்கிறார்கள்? அந்தக் கணிப்பு எங்கள் ஊர் மக்களுக்குப் பொருந்துகிறதா?

முதற் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லலாம். 1980இல் ஸ்டூவர்ட் கார்ட், தோமஸ் மோரன், அலன் நியூவெல் ஆகிய ஆய்வாளர் மூவரும் கணினியின் முன் அமர்ந்திருப்பவரின் வேலையைச் சிறு அசைவுகளாகப் பிரித்து நேரம் கணித்தார்கள். ஓரளவு தேர்ந்த தட்டச்சாளர் ஒரு விசையை அழுத்த 0.2 செக்கன், மவுசால் ஓரிடத்தைச் சுட்ட 1.1, கை விசைப்பலகையிலிருந்து மவுசுக்கு மாற 0.4, அடுத்த செயலுக்கு மனம் தயாராக 1.35. இவற்றைக் கூட்டினால், திரை உருவாகும் முன்னரே அதில் ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்லிவிடலாம். எனக்கு இன்றும் வியப்பைத் தரும் கணக்கு இது. பிழை விடாத, பழகிய கைக்கே இது பொருந்தும் என்ற எல்லையையும் அவர்களே வகுத்திருந்தார்கள். பெயர், வயது, தொழில், நோக்கம் எல்லாம் கொடுத்து ஒரு கற்பனைப் பயனரை மனத்தில் வைத்து வடிவமைக்கும் முறையை 1999இல் மென்பொருள் வடிவமைப்பாளர் அலன் கூப்பர் பரப்பினார்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். கிளிநொச்சியில் தொலைபேசி திருத்துவதோடு இணையப் படிவங்களும் நிரப்பிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் ஐயாமார் பலர் வருவார்கள். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலைத் தொடுதிரை சில வேளை உணர்வதே இல்லை. விரலைத் திரை மின்சாரத்தின் வழியாகவே உணர்கிறது; தோல் உலர்ந்து தடித்தால் மின்னோட்டத்துக்கு வழி குறைந்துவிடும். உடனே அவர் இன்னும் பலமாக, இன்னும் நேரமெடுத்து அழுத்துவார். விரல் அரைச் செக்கன் அளவு நின்றாலே தொலைபேசி அதை வேறொரு கட்டளையாக எடுத்துக்கொண்டு, அவர் கேட்காத பட்டியலைத் திறந்துவிடும். "தம்பி, நீயே அமத்திவிடு" என்று தொலைபேசியை என்னிடம் நீட்டுவார்.

அந்த நொடியிலிருந்து பயனர் இருவர். தேவை அவருடையது, விரல் என்னுடையது. எங்கள் வன்னிப் பகுதியில் மகளோ பேரனோ கடைக்காரரோ இடையில் நிற்காமல் நடக்கும் வேலை குறைவு. பெங்களூரின் ஏழைக் குடியிருப்புகளில் இதே நிலையை நித்யா சாம்பசிவனும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2010இல் எழுதினார்கள். ஆனாலும் என் மேசைக்கு வரும் செயலிகள் ஒரு திரைக்கு ஒரே ஆள் என்றே எண்ணிச் செய்யப்பட்டவை.

இதில் என்னை மிகவும் வருத்துவது இரகசிய இலக்கம். ஓர் அம்மா தன் வங்கி இரகசிய இலக்கத்தை, பின்னால் ஆட்கள் நிற்க, உரத்துச் சொல்வார். அதை அறியாமை என்று திட்டுவது அநியாயம். வேறு வழியை அந்தத் திரை அவருக்கு வைக்கவில்லை. உறுதிப்படுத்தும் இலக்கம் வேறு ஊரில் இருக்கும் மகனின் தொலைபேசிக்குப் போகும். மகனை அழைத்துக் கேட்டு முடிப்பதற்குள் படிவம் காலாவதியாகி, முதலிலிருந்து தொடங்கச் சொல்லும்.

நீங்கள் வடிவமைப்புப் படிப்பவராக இருந்தால், உதவி செய்பவரையும் உங்கள் பயனர் மாதிரியில் எழுதிக்கொள்ளுங்கள். நிரப்பிய விபரங்களைத் தமிழில் வாசித்துக் காட்டும் ஒலி, உரியவர் மட்டும் அழுத்துவதற்குப் பெரிய இலக்கங்களோடு தனித் திரை, பாதியில் நிறுத்தி மறுநாள் தொடரும் வசதி ஆகிய மூன்றும் இருந்தால் என் கடையில் அரைவாசித் தவிப்புத் தீரும். இவற்றில் முதலில் செய்ய வேண்டியது அந்தத் தனித் திரை.