கட்டக்கோரைப் பொடி கொடுக்கலாமா?

தங்கை மகனுக்கு ஃபியூகோஸ் என்னும் சர்க்கரையைக் கடத்தும் புரதத்தில் குறை என்று டாக்டர் சொன்னதும், ராமேஸ்வரம் அருகே மண்டபத்தில் கடலில் பாசி எடுக்கும் பெண்கள் கொண்டுவரும் கட்டக்கோரையில் (சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசி) ஃபியூகோஸ் இருக்கிறதே, அரைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அது, பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்னும் கெட்டியாக்கும் பொருளை எடுக்கும் ஆலைக்கே போகட்டும்.

கட்டக்கோரையில் இருப்பது தனிச் சர்க்கரை அல்ல. ஃபியூகாய்டன் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலி. அதை வெட்டும் நொதி நம் குடலில் சுரப்பதில்லை. போதாக்குறைக்கு அயோடினும் ஆர்சனிக்கும் சேர்ந்து வரும்.

ஃபியூகோஸைச் செல் அப்படியே புரதத்தில் ஒட்டுவதில்லை. ஜிடிபி என்னும் நியூக்ளியோடைடு சேர்ந்த ஜிடிபி-ஃபியூகோஸாக இருந்தால்தான் நொதி அதைத் தொடும். (பெரும்பகுதியை ஜிடிபி-மேனோஸிலிருந்து செல்லே தயாரித்துக்கொள்கிறது.) செல்லின் உட்கூழான சைட்டோபிளாசத்தில் உருவாகும் அது, புரதத்தில் சர்க்கரை ஒட்டப்படும் கோல்கி என்னும் செல் உறுப்புக்குள் நுழைய ஒரு கடத்தி வேண்டும், பையனுக்குப் பழுது அங்கேதான். அதனால் மேற்பரப்பில் ஃபியூகோஸ் இல்லாத வெள்ளையணுக்கள் இரத்தக் குழாய்ச் சுவரைப் பற்ற முடியாமல், தொற்று திரும்பத் திரும்ப வருகிறது.

தூய எல்-ஃபியூகோஸை (உடலில் உள்ள அதே வடிவம்) வாய்வழி கொடுத்துச் சிலருக்குத் தொற்று குறைந்திருக்கிறது; எல்லாருக்கும் அல்ல, மரபணுப் பிழையைப் பொறுத்தது. இந்தக் குறை உள்ளவர்கள் பொதுவாகப் பம்பாய் இரத்த வகையினர்; அதாவது சிவப்பணுவின் மேல் ஃபியூகோஸால் ஆகும் எச் ஆன்டிஜன் என்னும் அடையாளம் இல்லாதவர்கள். சிகிச்சையில் எச் ஆன்டிஜன் தலைகாட்டினால், அதற்கு எதிராக உடலில் உள்ள எதிர்ப்புரதம் தாக்கிச் சிவப்பணு சிதையும் அபாயம் உண்டு என்பதால், அளவை மருத்துவரே கண்காணித்து ஏற்ற வேண்டும். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இரத்த வகையை முதலில் சொல்லிவிடுங்கள்.